ஹப்பின் தலையில் கட்டப்படும் மல்டிகாஸ்ட்

டிஎம்விபிஎன் (ஹப் என்ற தலைமையக ரவுட்டரோடு பல கிளைகளை இணைக்கும் விபிஎன்) போட்ட நெட்வொர்க்கில் "அப்படியே மல்டிகாஸ்டையும் ஓட்டிவிடலாமா" என்று யாராவது கேட்டால், நான் பதிலுக்கு மூன்று கேள்வி கேட்பேன். எத்தனை கிளை, ஒரு ஸ்ட்ரீம் எத்தனை எம்பிபிஎஸ், ஹப்பில் அப்லோட் எவ்வளவு? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் கான்ஃபிக் எழுத உட்காருவது வேண்டாத வேலை.

மல்டிகாஸ்ட் என்றதும் பலர் மனதில் இருப்பது லேன் (ஒரே கட்டிட நெட்வொர்க்) கணக்கு. சர்வர் ஒரு பாக்கெட்டை விட்டால் போதும், வேண்டியவர்களுக்கெல்லாம் நெட்வொர்க்கே பிரித்துக் கொடுத்துவிடும் என்பது. ஒரே கட்டிடத்துக்குள் அது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் இன்டர்நெட் மேல் ஓடும் விபிஎன்னில் நடுவில் உள்ள ஐஎஸ்பி உங்கள் மல்டிகாஸ்ட் குரூப் முகவரி 239.10.10.5-ஐக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. அவருக்குத் தெரிவதெல்லாம் ஹப்பின் பொது முகவரியிலிருந்து ஒவ்வொரு கிளையின் பொது முகவரிக்கும் போகிற, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஈஎஸ்பி (ஐபிசெக் முறையில் என்கிரிப்ட் செய்த) பாக்கெட்டுகள் மட்டும்தான். அவர் எப்படி நகல் எடுப்பார்? எடுக்க மாட்டார். எல்லா நகலையும் ஹப் ரவுட்டரே எடுக்க வேண்டும், எடுத்த ஒவ்வொரு நகலையும் தனித்தனியாக என்கிரிப்ட் செய்ய வேண்டும், எல்லாவற்றையும் தன் ஒரே வான் (வெளி இணைப்பு) லைன் வழியாகத் தள்ள வேண்டும். பெயர்தான் மல்டிகாஸ்ட், ஹப்புக்கு வெளியே போவது சுத்தமான யூனிகாஸ்ட், அதாவது ஆளுக்கு ஒரு நகல்.

60 கிளை, 4 எம்பிபிஎஸ் வீடியோ என்று வைத்துக்கொள்வோம். 240 எம்பிபிஎஸ். அதன் மேல் ஜிஆர்இ (ஒரு பாக்கெட்டை இன்னொன்றுக்குள் வைத்து அனுப்பும் டனல்), ஐபிசெக் தலைப்புகள் சேர்ந்தால் 250-ஐத் தாண்டும். பாக்கெட் கணக்கில் பார்த்தால் இன்னும் சுவாரசியம். வீடியோ பொதுவாக 188 பைட் டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம் துண்டுகள் ஏழை ஒரு பாக்கெட்டில் கட்டி வரும், 1316 பைட். ஆர்டிபி 12, யூடிபி 8, ஐபி 20 என்று தலைப்புகளும் சேர்த்து 1356. இந்த அளவில் 4 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 370 பாக்கெட். ஹப் அதை 60 ஆக்கி நொடிக்கு 22,000 பாக்கெட்டுக்கு மேல் என்கிரிப்ட் செய்கிறது. ஒரே ஒரு டிவி சேனலுக்கு. ரவுட்டர் வாங்கும்போது டேட்டாஷீட்டில் உள்ள ஐபிசெக் வேகத்தைப் பார்த்துவிட்டு "ஒரு கிக் தாங்கும்" என்று சொல்லியிருப்பார்கள், அந்த எண் எந்தப் பாக்கெட் அளவுக்கு என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சரி, இவ்வளவும் தெரிந்த பிறகும் வேண்டும் என்றால் எப்படி ஓட்டுவது?

வெறும் ஐபிசெக் டனலை வைத்துக்கொண்டு ஆகாது. சாதாரண ஐபிசெக்கில் இரண்டு முனைகள், இந்தச் சப்நெட்டிலிருந்து அந்தச் சப்நெட்டுக்கு என்று ஒரு ஒப்பந்தம், அவ்வளவுதான். மல்டிகாஸ்ட் குரூப் முகவரிக்கு அதில் இடம் இல்லை. அதற்கான நீட்டிப்பு 2008-லேயே ஆர்எஃப்சி 5374 என்ற இன்டர்நெட் தர ஆவணமாக வந்துவிட்டது, ஆனாலும் கிளை ரவுட்டர்களில் நாம் தினமும் செய்வது பழைய வழிதான்: மல்டிகாஸ்டை ஜிஆர்இ-க்குள் போட்டு யூனிகாஸ்டாக்கி, அதன் மேல் ஐபிசெக். இந்த யோசனையும் புதிதல்ல. 1992 மார்ச்சில் சான் டியாகோ ஐஇடிஎஃப் (இன்டர்நெட் தரங்களை வகுக்கும் அமைப்பு) கூட்டத்தின் ஒலியை இன்டர்நெட்டில் பல ஊர்களுக்கு அனுப்பிய எம்போன், மல்டிகாஸ்ட் தெரியாத ரவுட்டர்களைத் தாண்டிப் போகப் பிடித்த வழியும் டனல்தான்.

டிஎம்விபிஎன்னில் இருப்பது மல்டிபாயின்ட் ஜிஆர்இ. ஹப்பில் ஒரே டனல் இன்டர்ஃபேஸ், அதன் மறுமுனையில் 60 கிளை. யூனிகாஸ்ட் பாக்கெட் வந்தால், எந்த டனல் முகவரிக்கு எந்தப் பொது முகவரி என்று என்ஹெச்ஆர்பி அட்டவணையைப் பார்த்து அனுப்பிவிடும். மல்டிகாஸ்ட் பாக்கெட்டுக்கு அப்படித் தேட முடியாது, ஏனென்றால் 239.10.10.5 என்பது எந்த ஒரு கிளையின் முகவரியும் அல்ல. அதனால் என்ஹெச்ஆர்பி-யில் மல்டிகாஸ்டுக்கென்றே தனிப் பட்டியல் உண்டு. ஹப்பில் 'ஐபி என்ஹெச்ஆர்பி மேப் மல்டிகாஸ்ட் டைனமிக்' என்று ஒரு வரி, பதிவு செய்யும் கிளைகளெல்லாம் தானாக அந்தப் பட்டியலில் சேரும். கிளையில் அதே வரியை டைனமிக் இல்லாமல், ஹப்பின் பொது முகவரியோடு எழுத வேண்டும்.

இந்த வரி விட்டுப்போனால் ஓஎஸ்பிஎஃப் (மல்டிகாஸ்ட் ஹலோ அனுப்பி நெய்பர் ரவுட்டரைக் கண்டுபிடிக்கும் ரூட்டிங் முறை) ஓட்டுபவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். பிங் போகும், ஆனால் நெய்பர் ஏறாது. ஹப் பக்கம் மட்டும் விட்டுப்போயிருந்தால், கிளையின் ஹலோ 224.0.0.5-க்கு வந்து சேரும், ஹப்பின் ஹலோ திரும்பப் போகாது, ஹப்பில் பார்த்தால் நெய்பர் இனிட் (தொடக்க) நிலையிலேயே உட்கார்ந்திருக்கும். பிஜிபி என்ற இன்னொரு ரூட்டிங் முறையை ஓட்டும் நெட்வொர்க்கில்தான் ஆபத்து. பிஜிபி டிசிபி-யில் ஓடுவதால் அதற்கு இந்தப் பட்டியல் தேவையே இல்லை, வரி இல்லாமலேயே வருடக்கணக்கில் எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். ஒருநாள் பிம் (மல்டிகாஸ்ட் யாருக்கு வேண்டும் என்று ரவுட்டர்கள் பேசிக்கொள்ளும் முறை) போடுவார்கள், பாதிக் கிளைகளில் நெய்பர் வராது, பழி பிம் மேல் விழும்.

இன்னொன்று, ஹப் ரீபூட் ஆனால் அந்த டைனமிக் பட்டியல் காலி. கிளை மறுபடி பதிவு செய்தால்தான் நிரம்பும். பதிவு இடைவெளியைத் தனியாகக் குறிப்பிடாவிட்டால் அது ஹோல்ட் டைமில் (ஒரு பதிவு செல்லுபடியாகும் நேரம்) மூன்றில் ஒரு பங்கு, ஆக 600 நொடி வைத்திருந்தால் 200 நொடிக்கு ஒருமுறை. மூன்று நிமிடத்துக்கு மேல் வீடியோ இல்லாமல் இருப்பது உங்களுக்குப் பரவாயில்லையா என்று பார்த்துக்கொண்டு அந்த எண்ணைக் குறையுங்கள்.

இனி, அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடத்துக்கு வருகிறேன். இதற்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இது பார்க்க வன்பொருள் கோளாறு மாதிரியே இருக்கும்.

புகார் இப்படி வரும்: "பயிற்சி வீடியோ ஓடிக்கொண்டே இருக்கிறது, திடீரென்று உறைந்துபோகிறது, அரை நிமிடமோ முக்கால் நிமிடமோ கழித்துத் தானாகவே வந்துவிடுகிறது." லைனில் லாஸ் இல்லை. டனல் அறுபடவில்லை. சிபியு அமைதியாக இருக்கிறது. ஐஎஸ்பி-யைத் திட்டி டிக்கெட் போடுவார்கள், அவரும் லைன் டெஸ்ட் செய்து பச்சை அறிக்கை அனுப்புவார்.

நடப்பது என்ன என்றால், பிம் ஸ்பார்ஸ் மோட் (கேட்டவருக்கு மட்டும் அனுப்பும் வகை) லேனை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஒரே லேனில் மூன்று ரவுட்டர்கள் இருந்தால் அது திண்ணைப் பேச்சு மாதிரி, ஒருவர் பேசுவது எல்லார் காதிலும் விழும். ஒரு ரவுட்டர் "எனக்கு இந்த ஸ்ட்ரீம் போதும்" என்று 224.0.0.13-க்கு ப்ரூன் அனுப்பினால், மேலே உள்ள ரவுட்டர் உடனே நிறுத்திவிடாது. சுமார் 3 நொடி காத்திருக்கும். அதற்குள் பக்கத்து ரவுட்டர் அந்த ப்ரூனைக் கேட்டுவிட்டு "ஐயோ, எனக்கு வேண்டும்" என்று ஒரு ஜாயின் அனுப்பி மேலெழுதிவிடும். ஸ்ட்ரீம் தொடரும். டிஎம்விபிஎன் டனலும் ஒரே சப்நெட், ஒரே இன்டர்ஃபேஸ், லேன் மாதிரியே தெரிகிறது, ஆனால் ஒரு கிளை சொல்வது இன்னொரு கிளைக்குக் கேட்காது. எல்லாம் ஹப்போடு மட்டும்தான். கிளை அ-வில் ஒருவர் டிவியை அணைக்கிறார், ப்ரூன் ஹப்புக்குப் போகிறது. ஹப் 3 நொடி காத்திருக்கிறது, யாரும் மறுப்புச் சொல்லவில்லை, சொல்ல அவர்களுக்கு விஷயமே தெரியாது. ஹப் டனல் இன்டர்ஃபேஸையே வெளியேறும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறது. பார்த்துக்கொண்டிருந்த எல்லாக் கிளையிலும் படம் நிற்கிறது. பிம் ஜாயின் 60 நொடிக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும், ஆகவே ஏதாவது ஒரு கிளையின் அடுத்த ஜாயின் வந்ததும் இன்டர்ஃபேஸ் மறுபடி பட்டியலில் ஏறுகிறது, எல்லாருக்கும் படம் வருகிறது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 50 கிளைகள் பார்த்துக்கொண்டிருந்தால் அவற்றின் ஜாயின்கள் அந்த 60 நொடிக்குள் பரவலாக வந்துகொண்டிருக்கும், யாராவது ஒருவருடைய ஜாயின் ஓரிரு நொடியில் வந்து காப்பாற்றிவிடும், லேசாக ஒரு திக்கல் மட்டும் தெரியும். இரண்டு மூன்று கிளைகள் மட்டும் பார்க்கும்போதுதான் நீளமாக நிற்கும். அதாவது லோடு குறைவாக உள்ள நேரத்தில் பிரச்சினை அதிகம். லோடு டெஸ்ட் செய்து "எல்லாம் சரி" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த நெட்வொர்க்கில், மாலையில் நாலு பேர் பார்க்கும்போது படம் உறைவது இதனால்தான்.

மருந்து ஹப்பின் டனல் இன்டர்ஃபேஸில் ஒரே வரி, 'ஐபி பிம் என்பிஎம்ஏ-மோட்'. ஃபிரேம் ரிலே என்ற பழைய வான் முறையின் காலத்திலேயே இதே காது கேளாத பிரச்சினை இருந்தது, இந்த வரி அந்த மாதிரி நெட்வொர்க்குக்கென்று வந்ததுதான். இதைப் போட்டால் ஹப் இன்டர்ஃபேஸ் கணக்கில் இல்லாமல், நெய்பர் கணக்கில் ஜாயினை ஞாபகம் வைத்துக்கொள்ளும். எம்ரவுட் (மல்டிகாஸ்ட் ரூட்டிங்) அட்டவணையில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். முன்பு வெளியேறும் பட்டியலில் வெறும் டனல்0 என்று ஒரு வரி இருக்கும், இப்போது டனல்0, 10.0.0.11 என்று ஒரு வரி, டனல்0, 10.0.0.14 என்று இன்னொரு வரி, கேட்ட கிளைக்கு ஒன்று வீதம். 11 விலகினால் அந்த வரி மட்டும் போகும்.

இன்னொரு லாபமும் உண்டு, எனக்கு இதுதான் பெரியதாகப் படுகிறது. அந்த வரி இல்லாதபோது ஒரே ஒரு கிளை கேட்டாலும் ஹப் என்ஹெச்ஆர்பி பட்டியலில் உள்ள எல்லாருக்கும் நகல் அனுப்பும். 2 எம்பிபிஎஸ் லைன் வைத்திருக்கும் ஒரு மூலைக் கிளை, கேட்காத 4 எம்பிபிஎஸ் வீடியோவை வாங்கி, பில்லிங் மென்பொருள் நகராமல் திணறும். அங்கே இருப்பவருக்கு வீடியோ என்று ஒன்று ஓடுவதே தெரியாது. ஸ்பார்ஸ் மோடில் மட்டும்தான் இந்த வரி சரியாக வேலை செய்யும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். டென்ஸ் மோட் (கேட்காமலேயே எல்லாருக்கும் அனுப்பும் வகை), அதை நம்பியிருக்கும் ஆட்டோ-ஆர்பி, இரண்டையும் டனல் பக்கம் கொண்டுவராதீர்கள். ஆர்பி (அனுப்புபவரும் கேட்பவர்களும் சந்திக்கும் ரவுட்டர்) முகவரியை எல்லா ரவுட்டரிலும் ஸ்டாட்டிக்காக எழுதிவிடுங்கள். ஆர்பி ஹப்பிலேயே, அல்லது ஹப்புக்குப் பின்னால். 60 ரவுட்டரில் ஒரு வரி எழுதுவது கஷ்டமே இல்லை.

சோர்ஸ், அதாவது ஸ்ட்ரீமை அனுப்பும் கருவி, ஒரு கிளையில் இருந்தால்? முடியும், ஆனால் எனக்குப் பிடிக்காது. ஹப்பில் பாக்கெட் டனல்0 வழியாக உள்ளே வந்து அதே டனல்0 வழியாக வெளியே போக வேண்டும். மல்டிகாஸ்ட் விதிப்படி உள்ளே வரும் இன்டர்ஃபேஸ் வெளியேறும் பட்டியலில் இருக்கக் கூடாது, என்பிஎம்ஏ மோட் இருந்தால்தான் இந்த முடிச்சு அவிழும். அது சரியானாலும் அடுத்தது ஆர்பிஎஃப், அதாவது சோர்ஸுக்குப் போகும் ரூட் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமிருந்து மட்டும் மல்டிகாஸ்டை ஏற்கும் சோதனை. இரண்டாம் கட்ட டிஎம்விபிஎன்னில் கிளை ஆ-விடம் கிளை அ-வின் லேனுக்கு ரூட் இருக்கும், நெக்ஸ்ட் ஹாப் நேராக அ-வின் டனல் முகவரி 10.0.0.11. யூனிகாஸ்டுக்கு அதுதான் அழகு, கிளைக்குக் கிளை நேரடி டனல் எழும்பும். பிம் இதே ரூட்டைப் பார்த்து, சோர்ஸை நோக்கிய ஜாயினை 10.0.0.11-க்கு அனுப்ப வேண்டும் என்று முடிவெடுக்கிறது. ஆனால் அதனுடன் பிம் உறவே கிடையாது, ஹலோ எல்லாம் ஹப்போடு மட்டும்தான். எம்ரவுட்டில் ஆர்பிஎஃப் நெய்பர் 0.0.0.0 என்று நிற்கும். மல்டிகாஸ்ட் எப்போதும் ஹப் வழியாகத்தான், நேரடி டனலில் போகாது. கிளைகளில் 'எஸ்பிடி த்ரெஷோல்ட் இன்ஃபினிட்டி' போட்டு ஆர்பி மரத்திலேயே (ஆர்பி வழியாக வரும் பாதையிலேயே) இருக்கச் செய்யலாம், இல்லையென்றால் சோர்ஸ் உள்ள சப்நெட்டுக்கு மட்டும் ஹப்பை நோக்கி ஒரு ஸ்டாட்டிக் எம்ரவுட். என்னைக் கேட்டால் கிளையில் உள்ள சோர்ஸ் தன் ஸ்ட்ரீமை யூனிகாஸ்டாகத் தலைமையகத்துக்கு அனுப்பட்டும், அங்கிருந்து மல்டிகாஸ்டாகப் புறப்படட்டும். பைட் கணக்கில் எந்த நஷ்டமும் இல்லை, எப்படியும் ஹப்புக்கு வந்துதான் போகிறது.

டிடிஎல் (ஒரு பாக்கெட் எத்தனை ரவுட்டர் தாண்டலாம் என்ற எண்) பற்றி இரண்டு வரி. ஆர்எஃப்சி 1112, அதாவது 1989-இலிருந்தே, மல்டிகாஸ்ட் அனுப்பும் நிரல் எதுவும் சொல்லாவிட்டால் டிடிஎல் 1. முதல் ரவுட்டரிலேயே செத்துவிடும். பேஜிங் பெட்டியோ கேமராவோ என்கோடரோ எதுவாக இருந்தாலும் ரவுட்டரைத் தொடுவதற்கு முன் அதன் செட்டிங்கைப் பாருங்கள்.

எம்டியு-வைப் (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) பற்றியும் சொல்ல வேண்டும், இங்கே யூனிகாஸ்ட் அனுபவம் உதவாது. டனலில் 1400 எம்டியு, டிசிபி எம்எஸ்எஸ் 1360 என்று போட்டுவிட்டு நிம்மதியாக இருப்போம். மல்டிகாஸ்ட் ஓடுவது யூடிபி-யில், டிசிபி-க்கான அளவு வரம்பான எம்எஸ்எஸ் அதைத் தொடாது. பாக்கெட் பெரிதாக இருந்தால் "சின்னதாக அனுப்பு" என்று ஐசிஎம்பி திரும்பிப் போகுமே என்றால், ஐபிவி4-இல் மல்டிகாஸ்ட் முகவரிக்குப் போகும் பாக்கெட்டுக்கு ஐசிஎம்பி பிழைச் செய்தி அனுப்பவே கூடாது என்பது விதி. டிஎஃப் (துண்டாக்காதே) பிட் இருந்தால் சத்தமில்லாமல் விழும். இல்லாவிட்டால் துண்டாகும், 60 நகலும் இரண்டிரண்டு துண்டாகி 120 ஆகும். மேலே சொன்ன 1356 பைட் வீடியோ 1400-க்குள் தப்பித்துவிடும், அதற்கு மேல் அனுப்பும் மென்பொருள் எதுவானாலும் அனுப்பும் இடத்திலேயே அளவைக் குறைக்க வேண்டும்.

அப்புறம் ஒரு சூட்சுமமான விஷயம், சராசரி. 300 எம்பிபிஎஸ் லைனில் 250 தானே போகிறது, கிராஃபும் அப்படித்தானே காட்டுகிறது, பிறகு ஏன் சில கிளைகளில் மட்டும் படம் கட்டம் கட்டமாகிறது? ஒரு பாக்கெட் உள்ளே வந்த மறுகணம் 60 நகலும் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே பாய்கின்றன, ஏறத்தாழ 86 கிலோபைட் ஒரே மூச்சில். இன்டர்ஃபேஸ் ஒரு கிகாபிட், அதனால் ஒரு மில்லிநொடிகூட ஆகாது. ஐஎஸ்பி பக்கம் 300-க்கு மேல் போவதை வெட்டும் போலீஸர் என்ற வேகக் கட்டுப்பாட்டுக்கு அந்த ஒரு மில்லிநொடியில் தெரிவது ஒரு கிகாபிட் வேகம். வெட்டிவிடும். வரிசையில் பின்னால் நிற்கும் நகல்கள்தான் விழும், ஐந்து நிமிட சராசரி கிராஃபில் இது எங்குமே தெரியாது. ஹப்பின் வான் இன்டர்ஃபேஸில் லைன் வேகத்துக்குக் கொஞ்சம் கீழே ஷேப்பிங் (பாக்கெட்டுகளை நிதானமாக விடுவது) போடுங்கள், அதோடு கிளை கிளையாக என்ஹெச்ஆர்பி குரூப் வைத்து டனலுக்கு ஒரு க்யூஓஎஸ் (வேகம், முன்னுரிமை) கொள்கையும் கொடுங்கள், 2 எம்பிபிஎஸ் கிளைக்கு ஒன்று, 50 எம்பிபிஎஸ் கிளைக்கு இன்னொன்று.

வேறு வழி இல்லையா என்றால், ஜிஇடிவிபிஎன் உண்டு. அசல் ஐபி தலைப்பை அப்படியே வைத்து, எல்லாருக்கும் பொதுவான சாவியில் ஒரே முறை என்கிரிப்ட் செய்யும், நகல் எடுப்பது நடுவில் உள்ள நெட்வொர்க். கேட்க இனிமை, ஆனால் நடுவில் இருப்பது மல்டிகாஸ்ட் ஆதரிக்கும் தனியார் எம்பிஎல்எஸ் (சேவை நிறுவனம் தரும் தனி நெட்வொர்க்) ஆக இருக்க வேண்டும், இன்டர்நெட்டில் உதவாது. வயர்கார்டு என்ற விபிஎன்னின் பிரியர்களுக்கும் ஒரு வார்த்தை: ஒரே இன்டர்ஃபேஸில் இரண்டு பியர்களுக்கு (மறுமுனைகளுக்கு) 224.0.0.0/4, அதாவது மல்டிகாஸ்ட் முகவரிகள் மொத்தமும், என்று எழுதினால் கடைசியாக எழுதியவருக்குத்தான் கிடைக்கும், முன்னவரிடமிருந்து பறிபோய்விடும். அங்கே ஒரு முகவரி ஒரு பியருக்குத்தான் சொந்தம். பியருக்கு ஓர் இன்டர்ஃபேஸ் வையுங்கள், அல்லது அதன் மேல் ஜிஆர்இ ஓட்டுங்கள். ஜிஆர்இ வந்ததும் மேலே சொன்ன கதை மறுபடி ஆரம்பிக்கும்.

நகல் எடுப்பது எப்படியும் ஹப்தான் என்றால், அதை ரவுட்டர் செய்ய வேண்டும் என்று என்ன கட்டாயம்? வீடியோவுக்கு நான் இப்போதெல்லாம் கிளையில் ஒரு சின்னப் பெட்டி வைக்கச் சொல்கிறேன். தலைமையகத்திலிருந்து டிசிபி-யிலோ எஸ்ஆர்டி என்ற வீடியோ அனுப்பும் முறையிலோ ஒரே ஒரு ஓட்டம் அந்தப் பெட்டிக்கு வரும், அது கிளையின் லேனுக்குள் மல்டிகாஸ்டாகப் பிரிக்கும். வான் லைனில் அதே பைட்கள்தான், ஆனால் தொலைந்த பாக்கெட் திரும்பக் கிடைக்கும், பிம் இல்லை, ஆர்பிஎஃப் இல்லை, யார் பார்க்கிறார்கள் என்று ஒரு லாக் இருக்கும். கிளை லேனுக்குக் குரூப் முகவரி கொடுக்கும்போது 239.0.0.x, 239.128.0.x இரண்டையும் தவிர்த்துவிடுங்கள், அவை 224.0.0.x-இன் அதே மேக் முகவரிக்கு வந்து விழும், அவற்றை ஸ்விட்ச் ஸ்னூப்பிங் (யார் கேட்டார்கள் என்ற சோதனை) பார்க்காமல் எல்லாப் போர்ட்டுக்கும் கொட்டிவிடும்.

ஐபி போன் பேஜிங் மாதிரி சின்ன விஷயத்துக்கு இந்தப் பெட்டியெல்லாம் வேண்டாம். ஜி.711 குரல் டனலுக்குள் 110 கேபிபிஎஸ் பக்கம்தான் வரும், 60 கிளைக்கும் சேர்த்து 7 எம்பிபிஎஸ்-க்குள். அதுவும் யாராவது மைக்கைப் பிடிக்கும்போது மட்டும். அதற்கு என்பிஎம்ஏ மோட் போட்ட பிம் தாராளமாகப் போதும், நான் போட்டுக் கொடுத்துவிடுவேன்.